போகியில் எரிந்த பாஸ்போர்ட்

அந்த வருடப் போகிக்கு எங்கள் தெருவில் எரிந்த சாமான்களில் என் கணவருடைய பழைய பாஸ்போர்ட்டும் ஒன்று. எரித்தவர் என் மாமியார். நான் வாயும் வயிறுமாக வாசற்படியில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத் தறிக்காரர்கள். மற்ற ஊர்களில் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரியும் என்றால், எங்களூரில் அவற்றோடு ஜக்கார்டு அட்டைகளும் எரியும். சேலைக்கு டிசைன் விழுவதற்காக ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்திருக்கும் அட்டைகள் அவை. டிசைன் பழசானால் போகிக்குத்தான். பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டே அட்டைகளைத் தூக்கிப் போட, ஓட்டைகளின் வழியாக நெருப்பு எட்டிப் பார்க்கும். லண்டனில் நர்சு வேலை பார்த்த வருடங்களில் ஜனவரிக் குளிரில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும்போது, இந்நேரம் ஊரில் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தலைப்பிரசவத்துக்கு லீவு போட்டு வந்த அந்த வருடம் எனக்கும் நன்றாகக் கண் எரிந்தது.

மாமியார் முனியம்மா தேவிகாபுரத்துக்காரர். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் இல்லாதவர். பாயைப் போட்டார், முறத்தைப் போட்டார். பிறகு இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்து, மகன் தூங்கிக்கொண்டிருந்த அறையைப் பார்த்துச் சுற்றி நெருப்பில் எறிந்தார்.

"எம் புள்ளயப் புடிச்ச பீட இத்தோட ஒழியட்டும்" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பாய் எரிகிற வாசனைக்கு நடுவில் ரெக்சின் கருகுகிற நாற்றம் வந்தது. பழைய பர்சாக இருக்கும் என்று நினைத்து, காபி போட உள்ளே போய்விட்டேன்.

என் கணவர் ஏழுமலை இட்லி சாப்பிட்டுவிட்டு விசா காகிதங்களை எடுத்து அடுக்க உட்கார்ந்தார். அவர் என்னோடு லண்டனுக்கு வந்து குடும்பம் நடத்த வேண்டுமென்றால் கணவன் மனைவி விசா வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துக் காகிதங்களைக் கொடுக்க நேரம் வாங்கியிருந்தோம்.

"யம்மா, இந்தப் பையில என் பழைய பாஸ்போர்ட்டு இருந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன். போகியில போட்டுட்டேன்."

"இன்னாது?"

"மூலய வெட்டி வெச்சிகீறாங்க, ஒண்ணுத்துக்கும் ஒதவாதுடா அது. அதுலதான அந்த ஊர்க்காரன் உன்ன அனுப்பிச்ச சீலு கீது? அது வூட்ல கீற வரிக்கும் உனுக்கு விசா வராது."

நல்ல காரியம் செய்து முடித்த முகத்தோடு சொன்னார். ஏழுமலை வெளியே போனார். ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினார். சுருண்டு போன அட்டைத் துண்டு ஒன்று மட்டும் வந்தது. தொட்டதும் அதுவும் உதிர்ந்தது.

'லண்டன்' வந்த கதை

பீடை என்று மாமியார் சொன்னது எதை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அவரைத் தெரிவதற்கு முன்பே ஏழுமலை லண்டன் பார்த்தவர். படிக்கப் போனார். சேர்ந்த கல்லூரி ஒரு பருவம் முடிவதற்குள் பூட்டு போட்டுக்கொண்டது. ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்று தயங்கி, ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலைக்கு நின்றார். விசா முடிந்தது. அப்படியே தங்கிவிட்டார். இரண்டு வருடம் போல ஒளிந்து வாழ்ந்திருக்கிறார். யாராவது கதவைத் தட்டினால் மூச்சை அடக்கிக்கொள்வாராம். சாலையில் போலீஸ் வண்டி தெரிந்தால், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவாராம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தானாகவே அதிகாரிகளிடம் போய் உள்ளதைச் சொல்லி, டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். யாரும் பிடித்து அனுப்பவில்லை. ஆனால் இதை நம்புவதற்கு ஆரணியில் ஆள் இல்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவருக்கு 'லண்டன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னா லண்டன், எப்போ ஃபிளைட்டு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வேறு ஒருவராக இருந்தால் ஊரை விட்டே போயிருப்பார். இவர் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வாங்கி, கண்ணமங்கலம், சந்தவாசல் பக்கத்துத் தறி வீடுகளுக்கு, நெடுக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கில் ஓடும் ஊடை நூலும் ஏற்றிப் போக ஆரம்பித்தார். வண்டியின் நெற்றியில் சிவப்பு பெயின்டில், கொட்டை எழுத்தில் 'லண்டன்' என்று எழுத வைத்தார்.

ஏன் இப்படி என்று பின்னால் நான் கேட்டேன்.

"எப்டியும் கூப்புடப் போறாங்க. எழுத்து பெருசா இருந்தா சவாரிக்காவது ஞாபகம் வரும்ல?" என்றார்.

அவரால் சிரிக்க முடிந்தது. பெற்றவளால் முடியவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "உம் புள்ளய வெலங்கு போட்டு ஏத்தி அனுப்பிச்சாங்களாமே?" என்று கேட்பார்கள். மாமியார் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி வீட்டுக்கு வருவார். அந்தத் தலைகுனிவு அத்தனை வருடமும் அவர் கழுத்தில் இருந்தது. நெருப்பில் அவர் போட்டது அதைத்தான்.

கேசரித் தட்டோடு ஒரு வாக்குமூலம்

நான் அவரைக் கட்டிக்கொண்ட கதையையும் இங்கேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை வைத்து ஒரு தனிப் புத்தகம் போடலாம். லண்டன் சம்பளம், அந்த ஊர்ப் பாஸ்போர்ட் என்றதும் சொந்தத்தில் வரிசை கட்டினார்கள். ஒருவர் வயதை மறைத்தார். ஒருவர் வழுக்கையை மறைத்தார். அது மின்விசிறிக் காற்றில் தானே வெளிவந்தது. இன்னொருவர் ஏற்கெனவே நிச்சயம் ஆனதையே மறைத்தார்.

ஏழுமலையை அப்பாவுக்குத் தெரியும். மழை நாளிலும் ஓர் இழை நனையாமல் பாவு கொண்டுவந்து இறக்குகிற பிள்ளை என்று நல்ல அபிப்பிராயம். அப்பாவுக்கு அதற்கு மேல் ஒரு மனிதனிடம் எதிர்பார்க்கத் தெரியாது. லண்டன் சங்கதியை ஊர் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அதைப் பேச்சில் எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கேசரித் தட்டைக் கையில் வாங்கிய ஏழுமலைதான் எடுத்தார்.

"ஒரு விஷயம் சொல்லிட்டு அப்பறம் சாப்புடறேங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். விசா முடிந்தது, தங்கியது, ஒளிந்தது, திரும்பியது. "பொண்ணு அங்க வேல செய்றாங்க. நான் அங்க போவ முடியுமா முடியாதான்னு எனுக்கே தெரியாது. யோசிச்சிக்கினு சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனியம்மா அவர் தொடையைக் கிள்ளியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரியப்பா இருமினார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. கூப்பிடாமலே வெளியே வந்து, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கேசரி வைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கல்யாணம் ஆன பிறகும் விசாவுக்குப் போடப் பயந்து பயந்து தள்ளிப்போட்டோம். நான் லீவில் வந்து போவதும், மீதி நாள் போனில் குடும்பம் நடத்துவதுமாக ஓடியது. வயிற்றில் குழந்தை வந்ததும் பயப்பட நேரம் இல்லாமல் போய்விட்டது. என் பிரசவ லீவு முடிவதற்குள் விசா வரவேண்டும். வராவிட்டால் கைக்குழந்தையோடு நான் தனியாகப் போக வேண்டும், இல்லை குழந்தையை ஆரணியில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இந்த நிலைமையில்தான், பழைய பயணத்துக்குச் சாட்சியாகக் காட்ட வேண்டிய பாஸ்போர்ட் போகியில் போனது.

சாமியே விட்ட வழி

பொங்கலன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பா, தெரிந்தவர் மூலமாக வேலூரில் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஏஜென்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், சாமியே வழி உட்டுகீது! புது பாஸ்போர்ட்டு சுத்தமா இருக்குது. முன்ன இந்த நாட்டுக்கு வந்துகீறியான்னு கேள்வி வரும். இல்லன்னு போட்டுடலாம். ஜல்தியா வேல முடிஞ்சிடும். எதுக்கு சார் பேஜாரு?"

கூடத்தில் இருந்த முகங்கள் எல்லாம் மலர்ந்தன. அந்தப் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும் என்று தெரிந்ததிலிருந்து மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கெட்டது செய்துவிட்டோம் என்று அழுதவர், ஒரே போனில் குடும்பத்தைக் காப்பாற்றியவர் ஆகிவிட்டார்.

லண்டனில் இருந்தபோது ஏழுமலையின் கைரேகையை எடுத்திருந்தார்கள். பொய் தெரிந்தால் வருடக்கணக்கில் கதவைச் சாத்திவிடுவார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏழுமலை பேசினார்.

"வேணாங்க."

"தம்பி, யாருக்கும் தெரியாது தம்பி."

"எனுக்குத் தெரியுமே. ரெண்டு வருசம் ஒளிஞ்சிகினு இருந்தவன் நானு. கதவத் தட்டுனா எப்டி இருக்கும்னு எனுக்குத்தான் தெரியும். பொண்டாட்டி புள்ளயோட போயி மறுபடியும் அங்க ஒளிஞ்சிகினு இருக்க மாட்டேன். அதுக்கு நான் இங்கயே வண்டி ஓட்டிகினு இருக்கறேன்."

ஏஜென்ட் "உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுப்பில் பொங்கல் அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் என் அம்மா எழுந்து ஓடினார்.

தொலையவில்லை, எரிந்தது

பழைய பாஸ்போர்ட் ஏன் இல்லை என்பதற்குக் காகிதம் வேண்டும். காணும் பொங்கல் கழிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமியாரும் வந்தார். இருப்பதிலேயே நல்ல பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி வந்தார். ஆனால் படி ஏறும்போது என் கையைப் பிடித்த அவர் கை சில்லென்று இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என் வயிற்றைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழைய பாஸ்போர்ட்டுதான? பஸ்ல தொலஞ்சி போச்சுன்னு எழுதிக் குடுங்க. ரசீது தர்றேன், போயிடலாம்" என்றார்.

"தொலையலீங்க மேடம். எரிஞ்சி போச்சு" என்றார் இவர்.

"எப்டி எரிஞ்சுது?"

"போகியில. எங்கம்மா வெவரம் தெரியாம போட்டுட்டாங்க."

சப் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்க, அது கவர்மெண்டு புத்தகம். எரிச்சாங்கன்னு எழுதினா யார் எரிச்சாங்கன்னும் எழுதணும். உங்கம்மா பேரு இதுல வரும். பரவாயில்லியா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த மனுஷனுடைய உண்மைக்கு ஓர் அளவே இல்லையா? அவர் முழங்கையை இடித்தேன்.

"ஏங்க, தொலஞ்சிதுன்னே எழுதிட்டு வாங்க. அத்தைய ஏன் இதுல இழுக்கறீங்க?"

ஏழுமலை முதல் தடவையாகத் தடுமாறினார். அம்மாவைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். தொலைந்தது என்றே எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

அப்போது எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த முனியம்மா முன்னே வந்தார்.

"எழுதிக்கோங்கம்மா. முனியம்மா. தேவிகாபுரம். எரிச்சது நாந்தான். எம் புள்ள ஊரு ஒலகத்துல யார்கிட்டயும் மறைக்காதவன். பொண்ணு பாக்கப் போன எடத்துலயே சொன்னவன். நான் செஞ்ச தப்புக்கு அவன் பொய் எழுதக் கூடாது. என்ன ஜெயில்ல போடறதுன்னா போட்டுக்கோங்க. பேத்தி பொறக்கறதுக்குள்ள உட்டுடுங்க."

பேரனா பேத்தியா என்று யாருக்கும் தெரியாது. அவர் முடிவு செய்துவிட்டார்.

சப் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "உங்கள ஜெயில்ல போட்டா யாரும்மா சோறு போடறது? உக்காருங்க" என்று சொல்லி டீ வரவழைத்தார். இனிமேல் எழுத்து இருக்கிற எதையும் மகனைக் கேட்காமல் நெருப்பில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். நோட்டரி வக்கீலிடம் மாமியாருடைய வாக்குமூலம் ஒன்றும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வக்கீல் ஆபீசில் மாமியார் கையெழுத்துப் போட்டார். பட்டுச் சேலைக்கு வேலை கிடைத்தது என்று அவருக்குத் திருப்தி.

அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது நான். போகி என்றால் என்ன என்று எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் தேய்ந்துபோனதையும், கெட்டது கொண்டுவந்ததாக நம்புவதையும் எரிப்போம், என் மாமியார் அந்த முத்திரையையும் அப்படி நம்பினார் என்று எழுதினேன். அதோடு, இவர் எப்போது போனார், எப்போது விசா முடிந்தது, எவ்வளவு காலம் தங்கினார், ஏன் திரும்பினார் என்று எதையும் விடாமல் சேர்த்தோம். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் மறைக்கவில்லை என்று கையெழுத்தோடு ஒரு காகிதம் இருந்தது.

காத்திருந்த மாதங்கள்

சென்னைக்குப் போய்க் காகிதங்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். வளைகாப்பு நடந்தது. குழந்தை பிறந்தது. பேத்திதான். மாமியார் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்து, ஸ்டேஷனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

விசா மட்டும் வரவில்லை. நடுவில் ஒரு முறை கூப்பிட்டு வீடியோவில் விசாரித்தார்கள். ஏன் தங்கினாய், ஏன் திரும்பினாய், அம்மா ஏன் எரித்தார்கள் என்று கேட்டார்களாம். இவர் கேசரித் தட்டோடு சொன்ன அதே கதையை அங்கேயும் சொல்லிவிட்டு வந்தார். வேலூர் ஏஜென்ட், "போட்டதெல்லாம் போச்சு, நான் அப்பவே சொன்னேன்" என்று யாரிடமோ சொன்னது எங்கள் காதுக்கு வந்தது.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. என் லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். என் பெட்டியில் என் துணிகளை வைத்தேன். குழந்தை துணியை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் முகத்தில் நான் கண்ணீரைப் பார்த்ததில்லை. ஆனால் வண்டி கிளம்புகிற வேகத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

செய்தி வந்தபோது அவர் சந்தவாசலில் பாவு இறக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் போன் பண்ணாமல் நேரே ஆரணிக்கு வந்தார். எங்கள் தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. தறிகள் நின்று, ஆட்கள் வெளியே வந்தார்கள். 'லண்டன்' என்று எழுதிய வண்டி வாசலில் வந்து நிற்க, அவர் இறங்கி என்னிடம், "புள்ள துணியவும் எடுத்து வை" என்றார்.

கவுண்ட்டரில்

லண்டன் விமான நிலையத்தில் வரிசை நகர்ந்தது. குழந்தை என் தோளில் தூங்கியது. விசா கையில் இருந்தும் எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. உள்ளே விடுவதும் விடாததும் கடைசியில் அந்தக் கவுண்ட்டர் ஆளின் கையில் இருக்கிறது என்று யார் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி நரைத்த தலைக்காரர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இதற்கு முன் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறீர்களா?"

பொங்கலன்று ஏஜென்ட் 'இல்லை' என்று போடச் சொன்னாரே, அதே கேள்வி. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்தேன்.

ஏழுமலை நேராக நின்றார். "வந்திருக்கிறேன். விசா முடிந்த பிறகும் தங்கினேன். பிறகு நானே திரும்பிப் போனேன்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். குரல் நடுங்கவில்லை. என் புருஷன் என்று அந்த வரிசை முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது.

அதிகாரி இன்னொரு முறை திரையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். குழந்தையின் பெயரைக் கேட்டார். பாஸ்போர்ட்டுகளை எங்கள் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

பெட்டி வருகிற இடத்தில் நின்றுகொண்டே ஆரணிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே மாமியார் எடுத்தார். பின்னால் தெருச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. வாசலிலேயே காத்திருந்திருக்கிறார்.

"இன்னாம்மா, உட்டாங்களா?"

"உட்டுட்டாங்க அத்தை."

"எதுனா கேட்டாங்களா?"

"முன்னாடி வந்திருக்கீங்களான்னு கேட்டாங்க."

"இன்னா சொன்னான்?"

"இருந்தத அப்படியே சொன்னாரு."

மாமியார் போனைக் கையில் பிடித்தபடியே தெருவைப் பார்த்துக் கத்தினார். இத்தனை வருடம் தண்ணீர்க் குடத்தோடு தலை குனிந்து நடந்த அதே தெருவைப் பார்த்து.

"கேட்டுக்கினீங்களாடி? எம் புள்ள உள்ளதச் சொல்லிட்டு, நேர் வாசல் வழியா உள்ள போயிட்டான்!"